சிவந்தது எந்தக் கண்?

வாட்சப்பில் கண் படம் அனுப்புகிறவர்கள் தயவுசெய்து அது வலது கண்ணா இடது கண்ணா என்று கூடவே எழுதிவிடுங்கள். சுங்கை சிப்புட்டில் கண் பரிசோதனைக் கடை வைத்திருக்கிறேன், தோட்டத்திலிருந்து வரும் படங்கள் பெரும்பாலும் செல்ஃபிதான். சில கைப்பேசிகள் கண்ணாடியில் தெரிகிற மாதிரியே சேமிக்கும், சில திருப்பிச் சேமிக்கும், போதாததற்கு அலமாரிக் கண்ணாடி முன்னால் நின்று எடுக்கிறவர்களும் உண்டு. அப்பாவுக்குக் கண் சிவந்திருக்கிறது என்று கோலாலம்பூரில் இருக்கும் மகள் அதே படத்தை எனக்கு அனுப்பினால், எந்தக் கண் என்று நான் எப்படிச் சொல்ல? சட்டையில் எழுத்து இருந்தால் தப்பித்தேன். எழுத்து திரும்பியிருந்தால் படமும் திரும்பியிருக்கிறது.

கண்ணாடி இடத்தை வலமாக்கும் என்பார்கள். இல்லை. கண்ணாடி முன் நின்று வலது கையை நீட்டுங்கள், பிம்பத்தின் கையும் அதே பக்கம்தான் நீளும். கண்ணாடியை நோக்கி விரலை நீட்டினால்தான் அந்த விரல் உங்களைப் பார்த்து வரும். மாறுவது முன்னும் பின்னும் மட்டுமே. பிம்பத்தை எதிரே நிற்கும் ஆளாக நினைப்பதால் நாம் குழம்புகிறோம்.

அப்புறம் எழுத்து ஏன் திரும்புகிறது? காகிதத்தைக் கண்ணாடிக்குக் காட்டத் திருப்பியது நாம்தானே! தண்ணீர் கட்டித் தரும் பிளாஸ்டிக் பையில் மார்க்கர் பேனாவால் 'படம்' என்று எழுதி, நீங்கள் வாசிக்கிற மாதிரியே பிடித்துக்கொண்டு கண்ணாடியைப் பாருங்கள். அங்கேயும் நேராகவே இருக்கும். பையைத் திருப்புங்கள், 'ப' அப்படியே இருக்க, 'ட'வின் நிமிர்ந்த கோடு வலப்பக்கம் போயிருக்கும், ஆனால் கண்ணாடியில் மட்டுமல்ல, கையில் இருக்கும் பையிலும் அப்படித்தான்.

என் கடையிலும் இந்த வித்தைதான் நடக்கிறது. எழுத்து அட்டையை 6 மீட்டர் தூரத்தில் பார்க்க வேண்டும், கடையோ குறுகல். அதனால் 3 மீட்டர் தள்ளிக் கண்ணாடி, உங்கள் தலைக்குப் பின்னால் அட்டை. எழுத்துகளைத் திருப்பி அச்சடித்த அட்டை அது. "என்னண்ணே, இது தப்பா அடிச்சிருக்கே" என்று திரும்பிப் பார்த்துச் சொல்லாதவர்கள் குறைவு.

கண்புரை அறுவை செய்தவர்கள்தான் கவனமாக இருக்க வேண்டும். ஒரு கண்ணுக்கு மட்டும் சொட்டு மருந்து என்றால், ஊற்றும் பிள்ளைகள் படத்தைப் பார்த்து முடிவு செய்யாமல், அப்பாவையே தொட்டுக் காட்டச் சொல்லுங்கள். அறுவைக்குப் பிறகு வலியோ மங்கலோ சிவப்போ வந்தால் எனக்குப் படம் அனுப்பிவிட்டுக் காத்திருக்காதீர்கள், அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.