ஸ்விஃப்ட் காப்பி கையில் இருந்தால் பணம் வந்துவிட்டது என்று பொருளா?

சீசன் நெரிசலில் ஒரு சனிக்கிழமை காலை, கோத்தகிரிப் பக்கம் வீட்டோடு சேர்த்து இரண்டு அறைகளை வாடகைக்கு விடும் ஒருவர், ஈரக் குடையை வாசலில் சாய்த்துவிட்டு வந்து கைபேசியை என் மேசைமேல் வைத்தார். ஐரோப்பாவிலிருந்து வரவிருக்கும் விருந்தினர் 450 யூரோவுக்குப் பதிலாகத் தவறுதலாக 1,250 யூரோ அனுப்பிவிட்டாராம். அதற்கான ஸ்விஃப்ட் காப்பி, அதாவது பணம் தரச் சொல்லி வெளிநாட்டு வங்கி விடுத்த கட்டளையின் நகல், திரையில் இருந்தது. "காப்பியே வந்துடுச்சு சார். திங்கட்கிழமை கணக்குல ஏறிடுமாம். மிச்சத்தை அவங்க டிரைவருக்கு இப்பவே யூபிஐல போட்டுவிடச் சொல்றாங்க." மிச்சம் என்பது 70,000 ரூபாய்க்கு மேல்.

குன்னூர்க் கிளையில் அன்னியச் செலாவணி மேசையில் அமர்ந்து நான் அதிகமாக விளக்க நேர்வது இதைத்தான். ஸ்விஃப்ட் பணத்தைச் சுமந்து வருவதில்லை. 1973இல் பெல்ஜியத்தில் வங்கிகள் கூடி அமைத்த அந்த நிறுவனம், ஒரு வங்கி மற்றொரு வங்கிக்கு விடுக்கும் கட்டளையைப் பாதுகாப்பாகக் கொண்டுசேர்க்கிறது, அவ்வளவே. யூரோ எல்லை தாண்டி மலையேறி வருவதும் இல்லை. நம் வங்கி ஐரோப்பிய வங்கி ஒன்றில் தன் பெயரில் யூரோ கணக்கு வைத்திருக்கும். நாஸ்ட்ரோ என்று நாங்கள் சொல்லும் அந்தக் கணக்கில் வரவு விழுந்த பிறகுதான், அன்றைய விலைக்கு ஈடான ரூபாயை நம் வங்கி இங்கே வாடிக்கையாளருக்குத் தருகிறது. பசுந்தேயிலை போடும் சிறு விவசாயிகளுக்கு இதை நான் வேறு விதமாகச் சொல்வதுண்டு: இலை எடை போட்ட சீட்டு அன்றே கைக்கு வந்துவிடுகிறது, தொழிற்சாலை கணக்குத் தீர்ப்பதோ மாதம் முடிந்த பிறகு. அந்தச் சீட்டாவது தொழிற்சாலை தந்தது. கைபேசியில் வரும் காப்பியை யார் வேண்டுமானாலும் தயாரிக்கலாம்.

கட்டளைக்கும் தீர்வுக்கும், அதாவது பணம் உண்மையில் கைமாறுவதற்கும், இடையே உள்ள இந்த இடைவெளியில் வங்கிகளே விழுந்ததுண்டு. 1974 ஜூன் 26 அன்று ஜெர்மனியின் கொலோன் நகரத்து ஹெர்ஸ்டாட் வங்கி மூடப்பட்டபோது, அதற்கு மார்க் நாணயத்தைச் செலுத்தி முடித்திருந்த வங்கிகள், நியூயார்க்கில் தங்களுக்கு வரவேண்டிய டாலர் வராமல் கைபிசைந்து நின்றன. ஜெர்மனியில் அலுவல் முடிந்திருந்தது, அமெரிக்காவிலோ இன்னும் காலை. இரண்டு நாணயங்களும் ஒருசேரக் கைமாறச் செய்யும் சிஎல்எஸ் அமைப்பு 2002இல்தான் செயல்படத் தொடங்கியது.

உள்நாட்டில், வங்கிக்கு வங்கி பெருந்தொகை அனுப்பும் ஆர்டிஜிஎஸ் அமைப்பு இந்த இடைவெளியை மூடிவிட்டது. ரிசர்வ் வங்கியின் கணக்கேட்டில் ஒவ்வொரு தொகையும் தனித்தனியாக அப்போதே தீர்க்கப்படுகிறது. 2020 டிசம்பர் 14 முதல் இரவு பகல் எந்நேரமும் நடக்கிறது. யூபிஐ வழியாக அனுப்பினால் நம் கணக்கில் நொடியில் பணம் ஏறிவிடும் என்றாலும், வங்கிகள் தங்களுக்குள் கொடுக்கல் வாங்கலைக் கழித்து மீதியைத் தீர்ப்பது பிறகுதான். எல்லை தாண்டும் பாதையில் உடனடி என்று சொல்லத்தக்கது, 2023 பிப்ரவரி 21 அன்று சிங்கப்பூரின் உடனடிப் பணப்பரிமாற்ற அமைப்பான பேநவ்வுடன் யூபிஐ இணைக்கப்பட்டது. தொடக்கத்தில் இங்கிருந்து அனுப்புவோருக்கு நாளொன்றுக்கு 60,000 ரூபாய் என்று வரம்பு வைத்தார்கள். சிங்கப்பூரில் வேலை பார்க்கும் பிள்ளை அனுப்பும் பணத்தைப் பெற இங்கே தாய் எந்தப் பின் எண்ணையும் அழுத்த வேண்டியதில்லை. அழுத்தச் சொல்பவர் பணம் அனுப்ப வரவில்லை, எடுக்க வந்திருக்கிறார்.

மற்றபடி பழைய பாதையில் தாமதம் இயல்பு. இடையிலுள்ள வங்கிகளின் விடுமுறை, சோதனை, கட்டணம் எல்லாம் சேரும். எங்கள் மலையில் நான் அடிக்கடி காணும் காரணம் பெயர்தான்: பாஸ்போர்ட்டில் தந்தை பெயர் முழுதாகப் பின்னால் நிற்கும், பாஸ்புக்கில் அதுவே ஒற்றை எழுத்தாக முன்னால் நிற்கும், அனுப்புகிறவர் பாஸ்போர்ட்டைப் பார்த்து எழுதிவிட்டால், பெயர் பொருந்தவில்லை என்று பணம் வழியில் நின்றுவிடும். பாஸ்புக்கில் இருப்பதை எழுத்துப் பிசகாமல் எழுதி அனுப்புங்கள் என்பதை நான் சலிக்காமல் சொல்லி வருகிறேன். அப்படியும் தாமதமானால், அனுப்பியவரிடம் யூஇடிஆர் என்னும் 36 குறிகள் கொண்ட எண்ணைக் கேட்டு வாங்கி வங்கியில் கொடுத்தால், தொகை எங்கே நிற்கிறது என்று பெரும்பாலும் கண்டுபிடித்துவிடலாம். போலிக் காப்பியிலும் அப்படி ஓர் எண் அச்சிட்டிருக்கும். ஆகவே அதை வங்கியின் திரையில் தேடிப் பார்க்க வேண்டும், தாளில் பார்த்து நம்பக் கூடாது.

அன்று வந்த காப்பியில் அவ்வளவு தூரம் போக வேண்டியிருக்கவில்லை. வங்கியின் அடையாளக் குறியீடு எட்டு எழுத்தாகவோ பதினொன்றாகவோதான் இருக்கும். அதில் பத்து இருந்தன. நான் பென்சில் முனையால் ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணியபோது அவரும் கூடவே எண்ணினார். அதற்குள் அந்த 'டிரைவர்' மூன்று முறை அழைத்துவிட்டார். பணம் இன்னும் போகவில்லை என்பதால் இணைய மோசடிப் புகார் எண் 1930ஐ அழைக்கும் அவசரம் ஏற்படவில்லை. நான்காவது அழைப்பை அவர் என் எதிரிலேயே எடுத்து, "திங்கட்கிழமை பேங்க்ல பார்த்துட்டுச் சொல்றேங்க" என்றார். மறுமுனையில் இருந்தவர் பதிலே சொல்லாமல் துண்டித்துவிட்டார்.