எந்த வருஷத்து டேங்க் அது?

அசல் வண்டிகளைச் சிறிதாக்கிய ஸ்கேல் மாடல் செய்துகொடுப்பது என் தொழில். "ஜெர்மன் டேங்க்தானே, சாம்பல் அடிச்சுக் கொடுங்க" என்று கிட்டோடு, அதாவது ஒட்டிச் சேர்க்க வேண்டிய பாகங்களோடு, வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது தேதியை. எந்த மாதம், எந்தப் போர்முனை?

பட்டுத் தெரிந்துகொண்டது இது. 1940 மே மாதம் பிரான்ஸுக்குள் நுழைந்த பான்ஸர் (ஜெர்மன் டேங்க்) ஒன்றை, பழைய படங்களை நம்பி முழுச் சாம்பலாக அடித்துக் கொடுத்துவிட்டேன். அப்போது நடப்பிலிருந்த உத்தரவோ மூன்றில் இரண்டு பங்கு அடர் சாம்பல், ஒரு பங்கு அடர் பழுப்பு. இரண்டுமே இருண்ட நிறங்கள். கறுப்பு வெள்ளைப் படத்தில் பிரித்துப் பார்க்க முடியாது. முழுச் சாம்பலுக்கு உத்தரவு வந்ததே 1940 ஜூலையில், பிரான்ஸ் விழுந்த பிறகுதான். அதற்குப் பின் படங்களை மறைப்புப் பட்டைகளின் போக்குக்கு மட்டும் பார்க்கிறேன், நிறத்துக்கு அல்ல.

1943 பிப்ரவரியில் கதையே மாறுகிறது. ஆலையிலிருந்து அடர் மஞ்சளில் வண்டி வரும். ஆலிவ் பச்சையும் செம்பழுப்பும் பசையாக டப்பாவில் வரும். பெட்ரோலோ தண்ணீரோ விட்டுக் கரைத்துப் படைவீரர்களே அடித்துக்கொள்ள வேண்டும். ஒருவர் பட்டை பட்டையாக அடித்தார், ஒருவர் திட்டுத் திட்டாக, இன்னொருவருக்கு நேரமே கிடைக்கவில்லை. தண்ணீரில் கரைத்தது மழையில் வழிந்தும் போனது. எனவே 1943 கூர்ஸ்க் போரில் இறங்கிய டைகர் டேங்குக்கு "சரியான" பட்டை எது என்று கேட்டால், அந்தக் குறிப்பிட்ட வண்டியின் படத்தைத்தான் தேட வேண்டும். மூன்று நிறத்தையும் ஆலையிலேயே அடிக்கத் தொடங்கியது 1944 ஆகஸ்டில்.

அடர் மஞ்சள் என்று ஐந்து கம்பெனி பாட்டில் வாங்கினால் ஐந்து ஷேடு வரும். அதற்காகச் சண்டை போடுகிறவர்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்புதான் வரும். அசலே ஒரே மாதிரி இருந்ததில்லை.

நான் உண்மையில் கவலைப்படுவது அளவைப் பற்றி. அசல் வண்டியின் நிறத்தை அப்படியே கைக்குள் அடங்கும் பொம்மையில் அடித்தால் இருட்டடித்துப் போகும். அந்த அடர் சாம்பல், ஜெர்மன் நிற அட்டவணையில் ஆர்ஏஎல் 7021, கிட்டத்தட்டக் கறுப்பு. 1/35இல் (அசலில் 35இல் ஒரு பங்கு நீளம்) வெள்ளை கலந்து கொஞ்சம் வெளிர வைக்கிறேன், 1/72இல் இன்னும் கூடுதலாக. வாஷும் (இடுக்குகளில் ஓடவிடும் நீர்த்த அடர்நிற பெயின்ட்) வார்னிஷும் ஏறினால் மேலும் கறுக்கும் என்பதையும் சேர்த்தே கணக்குப் போடுங்கள். பட்டையின் ஓரத்துக்கும் இதே கணக்குதான்: அசலில் 10 செ.மீ. அகலத்துக்கு மங்கிய ஓரம் 1/35இல் 3 மி.மீ.கூட வராது. பெயின்டைக் காற்றோடு பீச்சும் ஏர்பிரஷை நெருக்கிப் பிடிக்காவிட்டால் டேங்க் பஞ்சுமிட்டாய்தான்.

கலவையை முதலில் பிளாஸ்டிக் ஸ்பூனில் அடித்து, காய்ந்ததும் ஜன்னலோரப் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். ராத்திரி எல்இடி விளக்கில் மஞ்சள் ஏமாற்றும். லாக்கர் பெயின்ட் என்றால் துணி மாஸ்க் போதாது, ஆவியைத் தடுக்கும் கார்ட்ரிட்ஜ் மாஸ்க் வேண்டும். என் மேசை டிராயரில் நாற்பது ஸ்பூன் கிடக்கிறது, ஒவ்வொன்றின் முதுகிலும் எத்தனை சொட்டு வெள்ளை என்று எழுதி.