அப்பாவின் புல்லட்டுக்கு யார் பெயரில் இன்சூரன்ஸ்?

"ஃபுல் இன்சூரன்ஸாக்கும் சார்."

எரிந்து கரியான வண்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு ஒருவர் இப்படிச் சொல்லும்போது, அவர் நீட்டுகிற காகிதத்தை வாங்கிப் படிக்கவே எனக்கு மனம் வருவதில்லை. உள்ளே என்ன இருக்கும் என்று தெரியும். நாகர்கோவிலில் மோட்டார் சர்வேயராக இருக்கிறேன். அடிபட்ட, எரிந்த, வெள்ளத்தில் மூழ்கிய வண்டிகளின் சேதத்தை மதிப்பிடுவது என் தொழில். பழைய பைக்குகள் என்றால் எனக்குத் தனிப் பிரியம் உண்டு. அதனால்தான் இவ்வளவு ஆதங்கம்.

கடைசியாகப் பார்த்தது குளச்சல் பக்கத்தில். 1980களில் அப்பா வாங்கிய 350 புல்லட். அவர் இறந்தபின் பல வருடம் கொட்டகையில் கிடந்தது. வளைகுடாவிலிருந்து ஊருக்கு வந்த மகன் அதை இறக்கி, இன்ஜின் வேலை, குரோம், பெயின்ட், சீட்டு என்று ஏறக்குறைய இரண்டு லட்சம் செலவழித்து நிறுத்தியிருந்தார். ஹெட்லைட்டோடு இரண்டு கூடுதல் விளக்குகளும் இருந்தன. ஒரு ராத்திரி வயரிங்கில் பிடித்த தீ கொட்டகையையும் கொண்டுபோனது. தெரிந்தவர் மூலமாக என்னைக் கூப்பிட்டார்கள். பாலிசியைப் பார்த்தேன். தேர்ட் பார்ட்டி மட்டும். அதுவும் இறந்துபோன அப்பா பெயரில். கிடைக்கப்போவது ஒன்றுமில்லை என்று அவருடைய அம்மாவின் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டியதாயிற்று.

இதே கதையை வடசேரியில் ஒரு யெஸ்டிக்கும், மார்த்தாண்டத்தில் ஒரு ஆர்.எக்ஸ். 100க்கும் கேட்டுவிட்டேன். போதும். ஆகவே விளக்கமாகவே எழுதுகிறேன்.

தேர்ட் பார்ட்டி பாலிசி உங்களுக்கானது அல்ல. உங்கள் வண்டி இடித்து இன்னொருவருக்கு உயிர் போனாலோ, காயம் பட்டாலோ, அவர் சொத்து சேதமானாலோ நீங்கள் கொடுக்க வேண்டிய பணத்தை நிறுவனம் கொடுக்கும். அவ்வளவுதான். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 146ஆவது பிரிவு கட்டாயமாக்குவது இதை மட்டுமே. உங்கள் வண்டி எரிந்தால், திருடுபோனால், மரம் விழுந்து நசுங்கினால் இந்தப் பாலிசியில் ஒரு பைசா இல்லை. ஒக்கி புயலுக்குப் பிறகு மரங்களுக்கு அடியில் நசுங்கிக் கிடந்த எத்தனையோ வண்டிகளைப் பற்றி இதே கேள்வியை என்னிடம் கேட்டார்கள், இதே பதிலைத்தான் சொன்னேன். போலீஸ் பிடித்தால் காட்டுவதற்கான காகிதமும் உங்கள் வண்டியைக் காக்கும் காகிதமும் வேறு வேறு. இரண்டாவதற்கு 'ஓன் டேமேஜ்' என்று பெயர். அதைத் தனியாகக் கேட்டு, தனியாகப் பணம் கட்டி வாங்க வேண்டும்.

இந்தக் குழப்பம் ஏன் என்றும் எனக்குத் தெரியும். போனில் வண்டி எண்ணைப் போட்டால், பழைய வண்டிக்குப் பெரும்பாலும் தேர்ட் பார்ட்டி மட்டுமே வரும். 350 சி.சி.க்குள் அடங்கும் புல்லட்டுக்கும் யெஸ்டிக்கும் 2022இல் நிர்ணயித்த தேர்ட் பார்ட்டி பிரீமியம் 1,366 ரூபாய், ஜி.எஸ்.டி. தனி. ஆயிரத்துச் சொச்சம் கட்டியவுடன் 'இன்சூரன்ஸ் போட்டாச்சு' என்று மனசு நிம்மதியாகிவிடுகிறது. பாலிசியின் முதல் பக்கத்தில் 'லயபிலிட்டி ஒன்லி' என்று இருந்தால் உங்கள் வண்டிக்கு எதுவும் கிடையாது. தயவுசெய்து அந்த ஒரு வரியைப் படியுங்கள்.

அடுத்தது ஐ.டி.வி. வண்டி முழுதாகப் போனால் நிறுவனம் கொடுக்கும் உச்சத்தொகை அது. புது வண்டிக்கு வருடாவருடம் தேய்மானம் கழித்துக் கணக்கிடுவார்கள். ஐந்து வருடம் வந்தால் பாதி. ஐந்து வருடம் தாண்டியவற்றுக்கும், உற்பத்தி நின்றுபோன மாடல்களுக்கும் அந்த அட்டவணை இல்லை. நிறுவனமும் நீங்களும் பேசி ஒத்துக்கொள்ளும் தொகைதான். பழைய பைக் வைத்திருப்பவருக்கு இதைவிட நல்ல விதி இன்சூரன்ஸில் வேறில்லை. அதைப் பயன்படுத்துகிறவர்களைத்தான் காணோம். ஏஜென்ட் பதினைந்தாயிரம் என்று போட்டுக் கொடுப்பார். பிரீமியம் குறைகிறதே என்று தலையாட்டிவிட்டு வருகிறார்கள். நீங்கள் இரண்டு லட்சம் செலவழித்தது உங்கள் மெக்கானிக்குக்குத் தெரியும், பாலிசிக்குத் தெரியாது. எழுதாத பணம் இல்லாத பணம்.

அதனால் நேரில் கிளைக்குப் போங்கள். வண்டியின் படங்கள், உதிரிப்பாக பில்கள், மெக்கானிக் கையெழுத்திட்ட வேலைப் பட்டியல், முடிந்தால் ஒரு மதிப்பீட்டு அறிக்கை, இவ்வளவையும் கொண்டுபோய் மேனேஜரிடம் பேசுங்கள். பதினைந்து வருடம் தாண்டிய வண்டிக்கு ஓன் டேமேஜ் தரமாட்டோம் என்று ஓர் அலுவலகம் கைவிரிக்கலாம். அடுத்த அலுவலகத்துக்குப் போங்கள். பாலிசி இடையில் விட்டுப்போயிருந்தால் வண்டியை நேரில் பார்த்த பிறகே கொடுப்பார்கள், அதற்கும் தயாராக இருங்கள்.

ஓன் டேமேஜ் கிடைத்துவிட்டாலும் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். சிறு விபத்தில் பாகம் மாற்றினால், பத்து வருடம் தாண்டிய வண்டியின் உலோகப் பாகங்களில் 50 சதவீதம் தேய்மானமாகக் கழியும். ரப்பர், பிளாஸ்டிக், டயர், பேட்டரி எப்போதுமே பாதி. ஒர்க்‌ஷாப்காரர்களுக்கு ஒரு வார்த்தை: பெயின்ட் பொருளையும் கூலியையும் பில்லில் பிரித்துக் காட்டுங்கள், தேய்மானம் கழிவது பெயின்ட் பொருளுக்கு மட்டும்தான். பழுதுச் செலவு ஐ.டி.வி.யில் 75 சதவீதத்தைத் தாண்டினால் வண்டி 'டோட்டல் லாஸ்', அதாவது முழு இழப்பு. பதினைந்தாயிரம் ஐ.டி.வி. என்றால் ஒரு ஃபோர்க்கும் டேங்கும் வளைந்தாலே அந்தக் கோட்டைத் தொட்டுவிடும். பிறகு அப்பா ஓட்டிய வண்டியைப் பழைய இரும்பு விலைக்குக் கணக்குப் பார்க்கிற நிலைமை.

பெயர் விஷயத்துக்கு வருகிறேன். அப்பா, தாத்தா, மாமா பெயரிலேயே ஆர்.சி.யை வைத்துக்கொண்டு வருடம்தோறும் அதே பெயரில் இன்சூரன்ஸ் புதுப்பிக்கிறவர்கள் நம் மாவட்டத்தில் வீட்டுக்கு வீடு இருக்கிறார்கள். 'அப்பா பேரு அழியக் கூடாதுன்னு நெனச்சேன் சார்' என்று ஒரு தம்பி சொன்னார். அந்தப் பாசம் எனக்குப் புரிகிறது. ஆனால் கணக்கைப் பாருங்கள். பாலிசியோடு வரும் 15 லட்சம் ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பு, ஆர்.சி.யில் பெயர் உள்ள உரிமையாளர், செல்லுபடியாகும் லைசென்ஸோடு ஓட்டும்போது மட்டும்தான். அப்பா பெயரில் அந்தக் காப்பை எடுத்துவிட்டு மகன் ஓட்டிப் போய் விழுந்தால், அந்த 15 லட்சம் யாருக்கும் இல்லை. அவரை நம்பியிருக்கும் மனைவி பிள்ளைகளுக்கும் இல்லை.

உரிமையாளர் இறந்தால் 30 நாளுக்குள் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவித்து, மூன்று மாதத்துக்குள் 31ஆம் படிவத்தில் பெயர் மாற்றக் கேட்க வேண்டும். நாகர்கோவிலோ மார்த்தாண்டமோ, எந்த அலுவலகத்தில் பதிவோ அங்கே. வருடக்கணக்கில் விட்டிருந்தாலும் இப்போதாவது போங்கள். இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், மற்ற வாரிசுகளின் சம்மதம் வேண்டும். அண்ணன் தம்பிக்குள் பேச்சுவார்த்தை இருக்கும்போதே இதை முடித்துவிடுவது நல்லது.

களியக்காவிளை தாண்டி வாங்குகிறவர்களுக்கும் விற்கிறவர்களுக்கும் தனியாகச் சொல்ல வேண்டும். நல்ல யெஸ்டியும் ராஜ்தூத்தும் திருவனந்தபுரம் பக்கம் கிடைக்கிறது என்று பணத்தைக் கொடுத்துவிட்டு, கையெழுத்துப் போட்ட வெற்றுப் படிவத்தோடு ஓட்டி வந்துவிடுகிறார்கள். கே.எல். எண்ணோடு வருடக்கணக்கில் இங்கே ஓடுகிறது. தேர்ட் பார்ட்டி காப்பு வண்டியோடு புது உரிமையாளருக்கு மாறிவிடும். ஆனால் ஓன் டேமேஜ் அப்படி மாறாது என்று 1995லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 14 நாளுக்குள் நிறுவனத்துக்கு எழுதிக் கேட்டு மாற்றிக்கொள்ள வேண்டும். விற்றவருக்கு இதைவிடப் பெரிய ஆபத்து. விபத்து நடந்த அன்று ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர், நஷ்டஈடு அவர் பொறுப்பு என்று 2018இல் தீர்ப்பு வந்திருக்கிறது. நாலு கை மாறிய வண்டிக்கு முதல் ஆள் கோர்ட்டுக்கு நடப்பார்.

ஆர்.சி. தேதியையும் பாருங்கள். முதல் 15 வருடம் முடிந்தால் ஐந்து ஐந்து வருடமாகப் புதுப்பிக்க வேண்டும். இருபது வருடம் தாண்டிய பைக்குக்கு 2025 ஆகஸ்டிலிருந்து கட்டணம் 2,000 ரூபாய். பதிவு இல்லாமல் சாலையில் ஓடும் வண்டிக்கு க்ளெய்ம் கேட்க முடியாது என்று 2014இல் உச்ச நீதிமன்றம் தீர்த்திருக்கிறது, அதைக் காட்டித்தான் நிறுவனங்கள் மறுக்கின்றன. ஆர்.எக்ஸ். 100இல் வேறு இன்ஜினை இறக்கி ஓட்டும் தம்பிகளே, இன்ஜின் எண் ஆர்.சி.யோடு ஒத்துப்போகவில்லை என்றால் நான் அறிக்கையில் எழுதியே ஆக வேண்டும். என்னிடம் கெஞ்சிப் பயனில்லை.

'அம்பது வருஷம் ஆயிட்டா வின்டேஜ், ஒண்ணும் வேண்டாம்' என்று ஒரு பேச்சு உலவுகிறது. தவறு. 2021இல் வந்த விதிப்படி, 50 வருடம் தாண்டி, மூல வடிவம் மாறாமல் இருக்கும் வண்டிக்கு வி.ஏ. எழுத்துள்ள எண் வாங்கலாம். கட்டணம் 20,000 ரூபாய், பத்து வருடத்துக்குச் செல்லும். விண்ணப்பத்தோடு இன்சூரன்ஸும் வைக்க வேண்டும். வாங்கிய பிறகு அந்த வண்டியைக் கண்காட்சி, பேரணி, பெட்ரோல், பராமரிப்பு போன்றவற்றுக்கு மட்டுமே வெளியே எடுக்கலாம். கோட்டார் சந்தைக்குத் தினமும் போய்வரும் வண்டிக்கு அது வேண்டாம்.

பராமரிப்பை மெக்கானிக்குகள் என்னைவிட நன்றாகச் சொல்வார்கள். எரிந்த வண்டிகளைப் பார்த்தவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்தது இது. தீ பெரும்பாலும் இரண்டு இடத்தில் தொடங்குகிறது. ஒன்று, வெயிலில் காய்ந்து விரிந்த பழைய வயரிங்கில் கூடுதல் விளக்கும் ஹாரனும் இணைத்து, ஃப்யூஸுக்குப் பதில் செம்புக் கம்பி முறுக்கியிருப்பார்கள். கூடுதல் விளக்கு வேண்டுமென்றால் ரிலேயும் தனி ஃப்யூஸும் போடுங்கள். வயரிங்கை முழுதாக மாற்றும் செலவு குரோம் செலவில் ஒரு பங்குதான். இரண்டாவது, பெட்ரோல் குழாய். இப்போது பெட்ரோல் பங்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். பழைய ரப்பர் குழாயும் வாஷரும் அதில் ஊறி இளகும், வெடிப்பு விழும். எத்தனால் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுக்கும். நம் ஊரில் அந்த ஈரத்துக்குப் பஞ்சமில்லை. மாதக்கணக்கில் நிறுத்திய டேங்கில் தண்ணீர் அடியில் பிரிந்து நிற்கும், உள்ளே துரு பிடிக்கும். எத்தனால் தாங்கும் குழாய் மாற்றுங்கள். நீண்ட நாள் நிறுத்தினால் டேங்கையும் கார்புரேட்டரையும் வடித்துவிடுங்கள். நிறுத்தும் ஒவ்வொரு முறையும் பெட்ரோல் டேப்பை மூடுங்கள்.

முட்டம், குளச்சல், கன்னியாகுமரி கடலோர வீடுகளில் வண்டியைத் தார்ப்பாய் போட்டு இறுக்கிக் கட்டாதீர்கள். ஆடிச் சாரலில் உப்பு ஈரம் உள்ளே தங்கி ஸ்போக்ஸும் ரிம்மும் துருவேறிவிடும். காற்றாடும் துணி உறை போதும், நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்தபின். உப்புக் கிணற்றுத் தண்ணீர் வேண்டவே வேண்டாம்.

ஏதாவது நடந்துவிட்டால் வண்டியை நகர்த்துவதற்கு முன் நாலு பக்கமும் படம் எடுங்கள். உடனே நிறுவனத்துக்குச் சொல்லுங்கள், மறுநாள் என்று தள்ளாதீர்கள். தீ என்றால் தீயணைப்புத் துறையின் சான்று, திருட்டு என்றால் எஃப்.ஐ.ஆர். வேண்டும். தெரிந்த மெக்கானிக் உதவி செய்வதாக நினைத்து இன்ஜினைப் பிரித்துத் தரையில் பரப்பிவிடுவார். சர்வேயர் வந்து பார்க்கும்வரை ஒரு நட்டைக்கூடக் கழற்ற விடாதீர்கள்.