பூச்சிக்கு ஏது பருவநிலை?

மன்னார்குடிக்குத் தெற்கே ஒரு சிற்றூரில், தாளடி நடவு முடிந்த கையோடு நடந்த உழவர் கூட்டமொன்றில் எட்டுப் பக்கத்தில் ஒரு சிறு கையேட்டைக் கொடுத்தார்கள். வெப்பம் கூடுவதால் பயிரைத் தின்னும் பூச்சிகளுக்கு என்ன நேர்கிறது என்பதே அதன் பொருள். முதல் பக்கத்திலேயே ‘பூச்சிகளின் பருவநிலை மாற்றம்’ என்று கொட்டை எழுத்தில் அச்சாகியிருந்தது. என் பக்கத்தில் அமர்ந்திருந்த, எழுபதைத் தாண்டிய பெரியவர் அதை இருமுறை வாய்விட்டுப் படித்துவிட்டு, “ஏன் தம்பி, பூச்சிக்கு ஏது பருவநிலை? மழைதானே மாறுது?” என்று கையேடு கொடுத்த இளைஞரைக் கேட்டார். “இங்க அதுக்கு வேற அர்த்தம் ஐயா” என்றார் அவர். அந்த வேறு அர்த்தம் என்ன என்பதை அவரும் சொல்லவில்லை, கையேட்டிலும் இல்லை. இதே பெயர்ப்பை வானொலி உரைகளிலும் பயிற்சி வகுப்புகளிலும் பலமுறை கேட்டு நானும் பொறுத்திருந்தேன். அன்று பொறுக்க முடியவில்லை.

மூலச் சொல் ஃபீனாலஜி. தோன்றுதல், வெளிப்படுதல் என்னும் பொருள்தரும் கிரேக்க வினையடியோடு ‘லோகோஸ்’ சேர்ந்து உருவானது. பெல்ஜியத் தாவரவியலாளர் சார்ல் மோரென் 1849-இல் இதை வழங்கினார். மரம் துளிர்ப்பது, பூப்பது, பறவை வந்து சேர்வது, பூச்சி முட்டையிலிருந்து வெளிவருவது என்று ஆண்டுதோறும் திரும்ப நிகழும் உயிர்நிகழ்ச்சிகள் எந்த நாளில் நிகழ்கின்றன, ஏன் அந்த நாளில் நிகழ்கின்றன என்று ஆராயும் துறை அது. வேர்ச்சொல் ஆராய்ச்சிக்கு இவ்வளவு போதும். சிக்கல் கிரேக்கத்தில் இல்லை, நம் பெயர்ப்பில் இருக்கிறது.

‘பருவநிலை’ என்னும் சொல்லைத் தமிழ்நாட்டு நாளிதழ்கள் பல ஆண்டுகளாக ஓர் இடத்தின் நீண்டகால வானிலைப் போக்கைக் குறிக்கவே வழங்கி வருகின்றன. இலங்கைத் தமிழர் அதற்குக் ‘காலநிலை’ என்பர். நம் அரசுத் துறையின் பெயரிலும் இன்று காலநிலை மாற்றம் என்றே இருக்கிறது என்றாலும், செய்தி படிப்பவர் காதில் இரண்டும் ஒன்றுதான். ஆக, வெப்பம் கூடுவது காரணம், பூச்சி வெளிவரும் நாள் நகர்வது விளைவு என்று சொல்ல வந்த கையேடு, காரணத்துக்கும் விளைவுக்கும் ஒரே பெயரைச் சூட்டிவிட்டது. அதன் மூன்றாம் பக்கத்தில் ‘பருவநிலை மாற்றத்தால் பருவநிலை மாற்றம் ஏற்படுகிறது’ என்றே ஒரு வரி இருந்தது. மொழிபெயர்த்தவர், மெய்ப்புப் பார்த்தவர், அச்சிட்டவர் என மூவர் கையைக் கடந்து அந்த வரி எங்கள் கைக்கு வந்திருக்கிறது என்பதுதான் வியப்பு.

இதற்கு மாற்றாகச் சிலர் ‘தோற்றவியல்’ என்கிறார்கள். கிரேக்க மூலத்துக்கு இது மிக நெருக்கம் என்பது அவர்கள் வாதம். நெருக்கம்தான், ஆனால் தமிழில் தோற்றம் என்றால் உருவம், பிறப்பு என்ற இரண்டும் முன்னால் வந்து நிற்கின்றன. மரபியலில் ஓர் உயிரின் வெளிப்படும் பண்புகளைத் தோற்றவமைப்பு என்கிறோம். அதன் மூலமான ‘ஃபீனோடைப்’ என்னும் சொல்லும் இதே கிரேக்க அடியிலிருந்து வந்ததே. தோற்றவியல் என்று கேட்கும் மாணவர், பூச்சியின் நிறத்தையும் சிறகையும் பற்றிய படிப்பு என்றுதான் எண்ணுவார். வேரைப் பெயர்த்து நட்டால் சொல்லும் முளைத்துவிடும் என்று நம்புவது ஒருவகைச் சோம்பல். ‘உயிர்க்காலவியல்’ என்பாரும் உண்டு. அது உடலுக்குள் ஓடும் இரவுபகல் கடிகாரத்தைப் பற்றிய வேறொரு துறைக்கே பொருந்தும்.

எனக்குச் சரியாகப் படுவது ‘பருவநிகழ்வியல்’. தூய்மை பேசும் நண்பர்கள், பருவம் வடமொழிப் பர்வத்தின் திரிபு என்று உடனே கையை உயர்த்துவார்கள். பருத்தல் என்னும் வினையிலிருந்து அதை வருவிப்பாரும் உண்டு. அந்த வழக்கை அவர்களே நடத்திக்கொள்ளட்டும். குறுந்தொகையின் 66-ஆம் பாட்டில், தலைவன் வருவதாகச் சொன்ன பருவம் வருமுன்பே, காலமல்லாத காலத்தில் பெய்த வம்ப மாரியைக் கார் என்று நம்பிக் கொன்றை பூத்துவிட்டதாகவும், அந்த மரங்கள் அறிவில்லாதவை என்றும் தோழி சொல்கிறாள். வானம் கொடுத்த தவறான குறிப்பால் ஒரு மரத்தின் பூக்கும் நாள் முந்திவிட்டது என்பதே அவள் சொல்வது. மோரெனுக்குப் பல நூற்றாண்டு முன்பே துறையின் நடுப்பொருளைச் சொல்லிவிட்ட பாட்டில் நிற்கும் சொல்லை எந்த மொழிக்கும் எழுதிக்கொடுக்க நான் அணியமாக இல்லை.

பருவம் என்பதற்கு இன்னொரு வலிமையும் உண்டு. ஆண்டின் ஒரு பகுதிக்கும் அது பெயர், உயிரின் வளர்ச்சிப் படிக்கும் அதுவே பெயர். பெரியவர் ஒரே மூச்சில் சம்பாப் பருவம், தூர் கட்டும் பருவம், புழுப் பருவம் என்று மூன்றையும் சொல்வார், ஒன்றோடொன்று குழம்பாது. இம்மூன்றும் எந்த நாளில் சந்திக்கின்றன என்பதுதான் இந்தத் துறையின் கேள்வியே. குருத்துப்பூச்சியின் புழு, பயிர் தூர் கட்டும்போது தண்டைக் குடைந்தால் நடுக்குருத்து காயும். பக்கத்தில் புதுத் தூர் வெடித்து ஓரளவு ஈடுகட்டிவிடும். அதே புழு கதிர் வெளிவரும்போது குடைந்தால் வெண்கதிர்தான். அன்று கூட்டம் முடிந்து வரப்பில் நடந்தபோது பெரியவர் இதைப் பற்றியே பேசினார். வெண்கதிர் விழுந்த பயிரில் கதிரைப் பிடித்து இழுத்தால் எதிர்ப்பே இல்லாமல் கையோடு வந்துவிடும், அடியில் அரித்த தடம் இருக்கும், ஒரு மணியும் இருக்காது. கதிர்நாவாய்ப்பூச்சிக்கு மணி பால் பிடிக்கும் சில நாட்கள்தான் வாய்ப்பு. அப்போது உறிஞ்சினால் மணி பதராகும், மணி இறுகிய பின் வந்தால் அதற்குப் பெரிய வேலை இல்லை. பூச்சியும் பயிரும் பத்து நாள் தள்ளிச் சந்தித்தால் இழப்பின் அளவே வேறு.

வெப்பம் இதில் எப்படி நுழைகிறது என்பதையும் கையேடு குழப்பியிருந்தது. பூச்சி குளிர்க்குருதி உயிர். அதன் வளர்ச்சி வேகத்தைச் சுற்றுப்புற வெப்பமே பெரும்பாலும் முடிவுசெய்கிறது. ஒரு குறிப்பிட்ட அளவுக்கு மேல் ஒவ்வொரு நாளும் கிடைக்கும் வெப்பத்தைக் கூட்டிக்கொண்டே போனால், ஒரு தொகை நிறையும் நாளில் முட்டை பொரியும், புழு கூடுகட்டும். பிரான்சின் அறிவியலாளர் ரெயோமூர் 1735-இலேயே பயிர் முதிர்வதை இப்படிக் கணக்கிட முயன்றார். இந்தக் கணக்கைக் கையேட்டில் ‘வளர் பட்ட நாட்கள்’ என்று போட்டிருந்தார்கள். மூலத்தில் இருந்த ‘டிகிரி’ வெப்ப அளவையின் பாகை; அதை அகராதியில் தேடிப் பல்கலைக்கழகப் பட்டத்தை எடுத்துவந்துவிட்டார்கள் போலும். ஆடிப்பட்டம், முன்பட்டம், பின்பட்டம் என்று பேசும் ஊரில் அதை எவ்வாறு படித்திருப்பார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை. ‘நாள்வெப்பத் தொகை’ என்றால் யாருக்கும் விளங்கும்.

ஐரோப்பாவில் ஓக் மரத்தின் தளிரைத் தின்னும் குளிர்கால அந்துப்பூச்சி இத்துறையின் பெயர்பெற்ற சான்று. இளவேனில் வெப்பம் கூடியபோது மரம் துளிர்க்கும் நாள் முந்தியதைவிட முட்டை பொரியும் நாள் மிகுதியாக முந்தியது. துளிர் வருமுன் வெளிவந்த புழு பட்டினி கிடந்தது. பிந்தி வந்தாலும் வாழ்வில்லை, இலை முற்றித் துவர்ப்பேறிவிடும். இதை மொழிபெயர்த்தவர் ‘வசந்தம் முன்கூட்டியே வந்துவிடுகிறது’ என்று எழுதி, டெல்டா உழவருக்கும் அதையே அறிவுரையாக்கிவிட்டார். நமக்கு இளவேனில் சித்திரை, வைகாசி. அப்போது இங்கே பெரும்பாலான வயல் தரிசு. பூச்சிக்குத் தின்னப் பயிரே இல்லை.

காவிரிப் படுகையில் பூச்சியின் பருவத்தை வெப்பம் மட்டும் வகுப்பதில்லை. மேட்டூர் அணை ஜூன் 12 அன்று திறந்ததா, தண்ணீர் கடைமடைக்கு எப்போது வந்தது, பக்கத்து வயலும் நம் வயலும் ஒரே வாரத்தில் நட்டனவா என்பவையும் வகுக்கின்றன. குறுவை, சம்பா, தாளடி என்று நடவு இழுத்துக்கொண்டே போனால் எப்போதும் எங்கோ ஒரு வயலில் இளம்பயிர் இருக்கும். பிந்தி நட்ட வயலில் ஆனைக்கொம்பன் ஈ ஏறுவதற்கு அதுவே வழி. மேலும், 2018-இல் வெளியான ஓர் ஆய்வு, உலக வெப்பம் ஒரு செல்சியசு பாகை கூடுந்தோறும் நெல், கோதுமை, மக்காச்சோளத்தில் பூச்சியால் வரும் இழப்பு 10 முதல் 25 விழுக்காடு கூடும் என்று கணித்தது; அந்த உயர்வு குளிர்நாடுகளில்தான் மிகுதி என்றும், வெப்பநாட்டுப் பூச்சிகள் ஏற்கெனவே தமக்கு உகந்த வெப்பத்தின் விளிம்பில் வாழ்வதால் இங்கே அதே அளவு பெருகாது என்றும் அதிலேயே இருக்கிறது. கையேட்டில் முதல் பாதி மட்டும் வந்திருந்தது.

ஆகவே, துறைக்குப் பருவநிகழ்வியல் என்போம். நாள் நகர்வதைப் பருவம் முந்துதல், பிந்துதல் என்று வினையாகவே சொல்லலாம். ‘முன்னோக்கிய இடப்பெயர்வு’ போன்ற பெயர்ச்சொல் மூட்டை தேவையில்லை. பூச்சியும் பயிரும் சந்திக்காமல் போவதற்கு ‘ஒத்திசைவின்மை’ என்று புதிதாகச் சொல் வார்க்கவும் வேண்டாம். பருவம் தப்புதல் என்பது ஊரில் நாள்தோறும் புழங்கும் சொல்.

கையேட்டில் இவற்றைப் பென்சிலால் திருத்தி, வெளியிட்டவர்களுக்கே அனுப்பிவைத்தேன். மறுபதிப்பு வந்தது. ‘பருவநிலை’ என்று இருந்த இடமெல்லாம் ‘பருவ நிலை’ என்று இரண்டு சொல்லாகப் பிரித்துப் போட்டிருக்கிறார்கள்.