உங்கள் திரையை வரைவது யார்?

ஜன்னலை மவுஸால் பிடித்து இழுத்தால் விட்டு விட்டு நகர்கிறது, வீடியோவை முழுத்திரையில் வைத்தால் விசிறி இரைகிறது என்று சொல்லி லினக்ஸ் கணினியைக் கொண்டு வருபவர்களிடம், எந்த டெஸ்க்டாப், க்னோமா கேடிஇயா என்று நான் கேட்பதில்லை. செட்டிங்ஸில் 'அபவுட்' பக்கத்தைத் திறந்து, கிராஃபிக்ஸ் என்ற வரியில் என்ன பெயர் இருக்கிறது என்றுதான் முதலில் பார்ப்பேன்.

இன்டெல், ஏஎம்டி, என்விடியா என்று இருந்தால் சரி. 'எல்எல்விஎம்பைப்' என்று இருந்தால், கிராஃபிக்ஸ் சிப் சும்மா கிடக்கிறது, ப்ராசஸரே திரையை வரைந்துகொண்டிருக்கிறது. சிப்பைப் பயன்படுத்த வழியில்லாதபோது திரை இருண்டுவிடக் கூடாது என்பதற்காக மெசா என்ற திறந்த மூல கிராஃபிக்ஸ் நூலகம் செய்துவைத்திருக்கும் மாற்று ஏற்பாடு அது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் அது ஓடுகிறது என்று பெரும்பாலும் யாரும் நமக்குச் சொல்வதில்லை.

அதன் சுமையைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். 1920×1080 திரையில் சுமார் 20 லட்சம் பிக்சல்கள். பிக்சலுக்கு 4 பைட் என்றால் ஒரு படத்துக்கு 8 எம்பிக்கு மேல். 60 ஹெர்ட்ஸ் திரையில் ஒவ்வொரு படத்தையும் 16.7 மில்லிசெகண்டுக்குள் முடிக்க வேண்டும். திரை முழுக்க மாறிக்கொண்டே இருந்தால் நொடிக்குக் கிட்டத்தட்ட 500 எம்பி. பிரவுசரையும் மற்ற வேலைகளையும் கவனித்துக்கொண்டே ப்ராசஸர் இதையும் செய்தால் திணறாமல் என்ன செய்யும்?

ஒருவர் கொண்டுவந்த லேப்டாப் மறக்கவே முடியாதது. 8 ஜிபி ரேம், எஸ்எஸ்டி, குறையே இல்லாத கணினி. க்னோம் மெதுவாக இருக்கிறது என்று சின்னமன் என்ற டெஸ்க்டாப்புக்கு மாறி, அங்கிருந்து இன்னும் இலகுவான எக்ஸ்எஃப்சிஇக்கு வந்திருந்தார். ஒவ்வொரு முறையும் எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாக நிறுவல். எக்ஸ்எஃப்சிஇயில் கொஞ்சம் பரவாயில்லை என்றார். அந்தக் 'கொஞ்சம் பரவாயில்லை'தான் அவரை ஏமாற்றியது. எக்ஸ்எஃப்சிஇயில் ஜன்னல்களின் நிழல், ஒளிபுகும் தன்மை போன்ற, ஜன்னல்களை ஒன்றுசேர்த்து வரையும் காம்போசிட்டரின் வேலைகளை அணைத்துவிடலாம். வரைய வேண்டியது குறைந்ததால் நோய் தணிந்த மாதிரி தெரிந்தது. க்னோம்தான் குற்றவாளி என்று முடிவு கட்டிவிட்டார்.

காரணம் ஒரே ஒரு சொல். முதல்முறை நிறுவும்போது திரை கறுப்பாக நின்றிருக்கிறது. கணினி தொடங்கும்போது லினக்ஸின் மையமான கர்னலுக்குக் கொடுக்கும் பூட் வரியில் 'நோமோட்செட்' என்று சேர்க்கும்படி யாரோ சொல்லியிருக்கிறார்கள். திரை வந்தது. அடுத்தடுத்த நிறுவலிலும் அதையே சேர்த்திருக்கிறார், அது கர்னலைத் தொடங்கிவைக்கும் க்ரப் நிரலின் அமைப்புக் கோப்பிலும் தங்கிவிட்டது. திரையின் மோடை (பிக்சல் அளவு, புதுப்பிக்கும் வேகம்) அமைக்கும் வேலையில் கர்னல் தலையிட வேண்டாம் என்பது அதன் பொருள். அது இருக்கும்வரை இன்றைய கிராஃபிக்ஸ் டிரைவர்கள் பெரும்பாலும் வேலையே தொடங்காது. நிறுவி முடிக்கும்வரை ஊன்றிக்கொள்ளும் கோல் அது, அப்புறம் கீழே வைத்துவிட வேண்டும். அந்தச் சொல்லை எடுத்து, க்ரப்பைப் புதுப்பித்து, ரீஸ்டார்ட் செய்தோம். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. பழையபடி க்னோமுக்கே போய்விட்டார்.

கர்னல் அப்டேட்டுக்குப் பிறகு திடீரென்று மெதுவானால், தனியாக நிறுவிய என்விடியா டிரைவர் புதிய கர்னலோடு சேராமல் போயிருக்கலாம். பழைய கர்னலில் பூட் செய்து பார்த்தால் தெரிந்துவிடும்.

கிராஃபிக்ஸ் வரி சரியாகவே இருந்தால் சிஸ்டம் மானிட்டரில் ஸ்வாப்பை, அதாவது ரேம் போதாதபோது டிஸ்க்கில் எடுத்துக்கொள்ளும் இடத்தைப் பாருங்கள். பழைய ஹார்ட் டிஸ்க்கில் ஸ்வாப் ஏறிக்கொண்டே போனால் எந்த டெஸ்க்டாப்பும் காப்பாற்றாது. இலகுவான டெஸ்க்டாப் மிச்சம்பிடிக்கும் ரேமை நாலைந்து பிரவுசர் டேப்கள் விழுங்கிவிடும். எஸ்எஸ்டிக்கு மாறுவது பெரிய உதவி. ரேமிலேயே தரவைச் சுருக்கி வைக்கும் இசட்ரேமும் நல்லது. ஃபெடோரா லினக்ஸ் 2020-இல் வந்த 33-ஆம் பதிப்பிலிருந்து அதை இயல்பாகவே தருகிறது.

ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். வேகம் கூடும் என்று சொல்லி 'மிட்டிகேஷன்ஸ்=ஆஃப்' என்ற பூட் வரியைப் பலர் பரிந்துரைக்கிறார்கள். 2018 ஜனவரியில் வெளியே தெரிந்த ஸ்பெக்டர், மெல்ட்டவுன் போன்ற ப்ராசஸர் ஓட்டைகளுக்கான தடுப்புகளை அது அணைத்துவிடும். ஜன்னல் நகரும் விதத்தில் நான் எந்த வித்தியாசமும் பார்த்ததில்லை. ஆனால் வங்கிக் கணக்கைத் திறக்கும் அதே பிரவுசரில்தான் முன்பின் தெரியாத தளங்களின் நிரல்களும் ஓடுகின்றன. யார் சொல்லியோ ஏற்கெனவே சேர்த்திருந்தால், நோமோட்செட்டை எடுக்கும்போது அதே வரியிலிருந்து இதையும் எடுத்துவிடுங்கள்.