'பிக்கப் பண்ணு' என்று பழகிய நாக்கும் ஆங்கில ஃப்ரேசல் வெர்பும்

"ஃபேனை ஆஃப் பண்ணு", "ஃபைலை பேக்கப் எடுத்தாச்சா?", "வரும்போது என்னையும் பிக்கப் பண்ணிக்கோ" என்று நாள் முழுக்கப் பேசுகிறோம். தமிழில் இது தவறே இல்லை. வெளியிலிருந்து வரும் எந்தச் சொல்லையும் பெயராக வாங்கி, பக்கத்தில் ஒரு 'பண்ணு' போட்டு வினையாக்கிக்கொள்வது நம் பேச்சின் வழக்கம். அதே சொல்லை ஆங்கிலத்தில் எழுத உட்காரும்போதுதான் இடறுகிறது. நம் மனதில் 'பிக்கப்' ஒரே கட்டியாக இறுகிக் கிடக்கிறது. ஆங்கிலத்தில் அது வினையாக வரும்போது 'பிக்' தனி, 'அப்' தனி. இப்படி ஒரு வினையோடு 'அப்', 'ஆஃப்', 'இன்' போன்ற இடைச்சொல் சேர்ந்து ஒரே பொருள் தரும் கூட்டத்தைத்தான் ஃப்ரேசல் வெர்ப் என்கிறார்கள். தமிழர் எழுதும் ஆங்கிலத்தில் அது தவறாகும் இடங்களைக் கவனித்தால், பெரும்பாலானவற்றின் வேர் இந்தக் கட்டிதான்.

முதலில் இறந்தகாலத்தைப் பாருங்கள். 'ஐ பேக்கப்ட் த ஃபைல்ஸ்', 'ஷீ லாகின்ட் யெஸ்டர்டே' என்று எழுதுகிறவர்கள் உண்டு. காலம் காட்டும் ஒட்டு வினையில்தான் சேரும். இடைச்சொல் எந்தக் காலத்திலும் மாறாது. 'பேக்ட் அப்', 'லாக்ட் இன்', 'பிக்ட் அப்', 'டுக் ஆஃப்' என்பவையே சரி. எழுத்துக்கூட்டலும் இதையே ஒட்டி நடக்கும். வினை என்றால் நடுவே இடைவெளி வேண்டும். பெயர் என்றால் சேர்த்தோ சிறுகோடிட்டோ எழுதுவார்கள். 'ஐ வில் ஃபாலோ அப் டுமாரோ' என்பதில் இடைவெளி. 'எ ஃபாலோ-அப் மெயில்' என்பதில் சிறுகோடு. சந்தேகம் வந்தால் வாக்கியத்தை இறந்தகாலத்துக்கு மாற்றிப் பாருங்கள். மாற்றம் சொல்லின் நடுவில் விழுந்தால் அது வினை, பிரித்து எழுதுங்கள். 'ப்ளீஸ் லாக் இன் டு யுவர் அக்கவுன்ட்' என்பதில் மூன்றும் தனித்தனிச் சொற்கள். 'லாகின்' என்று ஒட்டுவதும் தவறு, 'இன்டு' என்று ஒட்டுவதும் தவறு.

உச்சரிப்பிலும் இதே வேறுபாடு உண்டு. விமானம் புறப்பட்டது என்று வினையாகச் சொல்லும்போது அழுத்தம் 'ஆஃப்' மேல் விழும். 'டேக்காஃப்' என்று பெயராகச் சொன்னால் அழுத்தம் 'டேக்' மேல் ஏறிவிடும்.

அடுத்தது 'மீ', 'இட்', 'ஹிம்', 'தெம்' போன்ற பிரதிப்பெயர்கள் நிற்கும் இடம். இங்கே கொஞ்சம் நிதானமாகப் போக வேண்டும், ஏனென்றால் ஆங்கிலம் தாய்மொழியாக உள்ளவரின் காதில் சட்டென்று உறுத்துவது இதுதான். 'டர்ன் ஆஃப் த ஃபேன்' சரி. 'டர்ன் த ஃபேன் ஆஃப்' என்பதும் சரி. ஃபேனுக்குப் பதில் 'இட்' வந்தால் ஒரே வழிதான்: 'டர்ன் இட் ஆஃப்'. 'டர்ன் ஆஃப் இட்' என்று யாரும் சொல்வதில்லை. 'பிக் அப் மீ' இல்லை, 'பிக் மீ அப்'. செயப்படுபொருள் பெயராக இருந்து, நாலைந்து சொல்லுக்கு மேல் நீண்டுபோனால் நடுவில் வைக்காமல் கடைசிக்குத் தள்ளுவது நல்லது. இல்லையென்றால் வினையைப் படித்த வாசகர் அதன் இடைச்சொல்லைத் தேடிக்கொண்டு வெகுதூரம் போக வேண்டியிருக்கும்.

எல்லாமே இப்படிப் பிரிவதில்லை. 'லுக் ஆஃப்டர் ஹெர்', 'லுக் இன்டு இட்', 'லுக் ஃபார் தெம்', 'கெட் ஓவர் இட்' ஆகியவற்றில் பிரதிப்பெயர் கடைசியில்தான் நிற்கும். 'புட் அப் வித்', 'ரன் அவுட் ஆஃப்' போன்ற மூன்று சொல் கூட்டங்களும் பெரும்பாலும் அப்படியே. எது பிரியும், எது பிரியாது என்று வடிவத்தைப் பார்த்து ஊகிக்க முடியாது. ஆங்கிலம் கற்போருக்கான அகராதிகளில் பதிவைத் தேடினால் 'சம்திங்' என்ற சொல் எங்கே இருக்கிறது என்று கவனியுங்கள். நடுவில் இருந்தால் பிரியும். கடைசியில் மட்டும் இருந்தால் பிரியாது. நோட்டில் குறிக்கும்போது 'டர்ன் ஆஃப் = அணை' என்று எழுதாதீர்கள். 'டர்ன் இட் ஆஃப்', 'லுக் ஆஃப்டர் இட்' என்று 'இட்' சேர்த்தே எழுதுங்கள். பொருளோடு இடமும் மனதில் பதிந்துவிடும்.

மின்னஞ்சலின் கடைசி வரியில் வரும் 'லுக் ஃபார்வர்ட் டு' தனியாகச் சொல்லத் தக்கது. 'ஐ லுக் ஃபார்வர்ட் டு ஹியர் ஃப்ரம் யூ' என்று எழுதுவது மிகப் பரவலான தவறு. அந்த 'டு', 'டு கோ', 'டு ஈட்' என்பதில் வரும் 'டு' இல்லை, அது முன்னிடைச்சொல் (ப்ரெபொசிஷன்). அதன் பின்னால் பெயர் வர வேண்டும், அல்லது 'இங்' சேர்ந்த வடிவம் வர வேண்டும். 'யுவர் ரிப்ளை' என்று போட்டுப் பாருங்கள், பொருந்துகிறது அல்லவா? ஆகவே 'ஹியரிங் ஃப்ரம் யூ'. இதேபோல் 'கோப் அப் வித்' என்பதையும் விட்டுவிடுங்கள். 'கீப் அப் வித்' உண்டு, 'கோப் வித்' உண்டு. இரண்டும் கலந்து பிறந்தது அது.

பொருள் விஷயத்தில் நாம் நினைப்பதைவிட நமக்கு வசதி அதிகம். சாமுவேல் ஜான்சன் 1755-இல் வெளியிட்ட ஆங்கில அகராதியின் முன்னுரையிலேயே, வினையோடு இடைச்சொல் சேர்ந்து பொருள் மாறும் இந்த வகைதான் அயல்மொழியாரை மிகவும் சிரமப்படுத்துவது என்று எழுதினார். ஆனால் தமிழ் பேசுகிறவருக்கு இந்த வித்தை புதிதில்லை. 'கைவிடு' என்பதில் கையும் இல்லை, விடுவதும் இல்லை. 'கிவ் அப்' அப்படித்தான். 'பார்' வேறு, 'பார்த்துக்கொள்' வேறு. 'லுக் அட்'டுக்கும் 'லுக் ஆஃப்டர்'க்கும் உள்ள தூரம் அதுவே. 'சாப்பிடு' என்பதோடு 'விடு' சேர்ந்து 'சாப்பிட்டுவிடு' என்றால் மிச்சம் வைக்காதே என்ற சாயல் வருகிறதே, 'ஈட் அப்', 'யூஸ் அப்' என்பவற்றில் 'அப்' செய்யும் வேலை அதற்கு நெருக்கமானது. 'கேரி ஆன்', 'ரீட் ஆன்' என்பவற்றில் வரும் 'ஆன்', நம் 'கொண்டே இரு' போலத் தொடர்ச்சியைக் காட்டும்.

இந்தச் சாவி எல்லாப் பூட்டுக்கும் சேராது என்பதையும் சொல்லியாக வேண்டும். 'த லைட்ஸ் வென்ட் ஆஃப்' என்றால் விளக்குகள் அணைந்தன. 'தி அலாரம் வென்ட் ஆஃப்' என்றால் அலாரம் அடிக்கத் தொடங்கியது! ஒரே சொல்தான், எழுவாய் மாறியதும் பொருள் தலைகீழாகிறது. 'ஃபில் இன்' என்றாலும் 'ஃபில் அவுட்' என்றாலும் படிவத்தை நிரப்புவதுதான். அதனால்தான் பட்டியலாக மனப்பாடம் செய்வது பலன் தருவதில்லை. எது அணைந்தது, எது அடித்தது என்று முழு வாக்கியமாகப் பிடித்துக்கொள்ளுங்கள்.

அலுவலகக் கடிதத்தில் ஃப்ரேசல் வெர்ப் கூடாது என்று ஒரு தவறான நம்பிக்கை உண்டு. ஒப்பந்தத்திலும் ஆய்வுக்கட்டுரையிலும் 'புட் ஆஃப்' என்பதைவிட 'போஸ்ட்போன்' பொருந்தும், உண்மை. ஆனால் சக ஊழியருக்கு எழுதும் மடலில் 'லுக் இன்டு', 'செட் அப்', 'ஃபைண்ட் அவுட்' எல்லாம் இயல்பானவை; அவற்றைத் தவிர்த்தால் எழுத்து விறைத்துப்போகும். 'கேரி அவுட்' ஆய்வுக்கட்டுரைகளிலேயே தாராளமாகப் புழங்குகிறது.

நடையைவிடப் பெரிய ஆபத்து இடைச்சொல்லை மாற்றிப் போடுவதிலும் விட்டுவிடுவதிலும் இருக்கிறது. கூட்டம் 'புட் ஆஃப்' ஆனால் வேறொரு நாள் நடக்கும்; 'கால் ஆஃப்' ஆனால் ரத்து. செயப்பாட்டுவினையில் எழுதும்போது வாக்கியம் வினையோடு முடிந்துவிட்டதாகத் தோன்றி, கடைசி 'ஆஃப்' கை தவறிப் போவதுண்டு. 'த மீட்டிங் வாஸ் கால்ட் ஆஃப்' என்றால் கூட்டம் ரத்து. 'ஆஃப்' விடுபட்டு 'த மீட்டிங் வாஸ் கால்ட்' என்று போனால் கூட்டம் கூட்டப்பட்டது என்று பொருள். படிக்கிறவர் கிளம்பி வந்துவிடுவார்.