கொதிகலன் வெளிக்குழாயா, கொதிகலன்சார் இணைப்புக்குழாயா?

பொயிலர் எக்ஸ்டேர்னல் பைப்பிங்குக்கு "கொதிகலன் வெளிக்குழாய்"னு எழுதுறத இன்னும் எத்தனை கையேட்டுல பாக்கணுமோ தெரியல. கொழும்புல ஒரு கார்மென்ட் ஃபெக்டரிக்கு தமிழாக்கின பராமரிப்புக் கையேட்டுலயும் அதே தான். இது ஆபத்தான பிழை.

சொல் பிறப்ப சுருக்கமா சொல்லிடுறன். பொயிலர்ங்கறது குமிழி விடுறதக் குறிக்கிற லத்தீன் சொல்லுல இருந்து வந்தது, நம்ம கொதிகலன் வினைத்தொகை, நல்ல சொல்லு, அதுல சண்டை இல்ல.

சண்டை அந்த "வெளி"யில தான். அமெரிக்க இயந்திரப் பொறியியலாளர் சங்கம் (அஸ்மி) பொயிலருக்குப் போட்ட விதிக்கோவையின் முதலாம் பிரிவுப்படி பொயிலர் முடியிற இடம், வெல்ட் பண்ணின குழாய்னா முதல் சுத்து வெல்ட், ஃபிளாஞ்ச்னா முதல் ஃபிளாஞ்சோட முகம், மரைன்னா முதல் மரை மூட்டு. அங்க இருந்து அதே பிரிவு கட்டாயமாக்கின ஸ்டொப் வால்வு வரைக்கும், அந்த வால்வையும் சேத்து, வாற துண்டுக்குத் தான் இந்தப் பேர். அதோட மெட்டீரியல், தடிப்பு, வெல்டிங் விதியெல்லாம் பி31.1-ல இருந்து, அதாவது அஸ்மியோட குழாய்க் கோவையில இருந்து வருது, ஆனா பரிசோதகர், முத்திரை, சான்று எல்லாம் முதலாம் பிரிவோட அதிகாரம். வால்வுக்கு அங்கால போற ஸ்டீம் லைன் முழுசா பி31.1, அது நொன்பொயிலர் எக்ஸ்டேர்னல் பைப்பிங்.

ஆக ரெண்டுமே பொயிலருக்கு வெளிய தான் கிடக்கு! "வெளிக்குழாய்"னு வாசிக்கிற ஃபிட்டர் எப்படிப் பிரிச்சறிவார்? பரிசோதகர் பாக்காம வெட்டி ஒட்டக்கூடாத துண்ட, இது வெளிய இருக்குறது தானேன்னு வெட்டிருவார். அந்தக் கையேட்டுல மத்ததுக்கு "வெளியல்லாத குழாய்"னு வேற போட்டிருக்கு, அயன் மேசை வரைக்கும் போற லைன் எப்படி ஐயா வெளியல்லாததாகும், அங்க "நொன்" ஒட்டுறது பொயிலரோட, வெளியோட இல்ல. சிலர் தூய தமிழ்னு "புறக்குழாய்"ங்கறாங்க. புறமும் வெளியும் ஒண்டு தானே, அதே குழப்பம் தான் திரும்பவும் வருது.

பிரிக்கிறது இடம் இல்ல, எந்த விதிக்கு கட்டுப்படுதுங்கறது தான். அதால "கொதிகலன்சார் இணைப்புக்குழாய்", "கொதிகலன்சாரா இணைப்புக்குழாய்"னு சொல்லுங்க. நீளம் தான், இருக்கட்டும். மேன்ஹோல் உள்ள ரெண்டு பொயிலர் ஒரே ஹெடர்ல, அதாவது ஒரே பொது ஸ்டீம் குழாய்ல, சேர்ந்தா ஒவ்வொண்டுக்கும் ரெண்டு ஸ்டொப் வால்வு வேணும், நடுவுல ஒரு வடிகுழாய் (ட்ரெய்ன்), ஏன்னா ஒண்டு ஓடுறப்ப மத்ததுக்குள்ள ஆள் இறங்கியிருப்பான். அப்ப எல்லை ரெண்டாவது வால்வுக்குத் தள்ளிப் போகுது, "வெளி"ங்கற சொல்லால இத சொல்லவே ஏலாது.

இன்னொண்டு, "கோட்"டுக்கு "குறியீடு"ன்னு எழுதுறத தயவுசெஞ்சு நிப்பாட்டுங்க. குறியீடுன்னா தபால் குறியீடு மாதிரி அடையாளம். இங்க அது விதிகளக் கோத்து வச்ச தொகுப்பு, கோக்குறதால கோவை. நம்ம நாட்டுல தண்டனைச் சட்டக்கோவைன்னு எவ்வளவு காலமா எழுதுறம், அந்தச் சொல்லு கையில இருக்கக்குள்ள "கொதிகலன் குறியீடு"ன்னு எழுதுறவங்கள என்னால மன்னிக்க ஏலாது.